அட்டையில் சிரித்தவள்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி நாவல் படித்துக்கொண்டிருந்தாள். மற்றவள் அதன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, எதைப் பார்த்து இதை வாங்குனீங்க?"

"படத்தைப் பார்த்துத்தானுங்க. மத்த காதல் கதை அட்டையிலெல்லாம் பொம்பளை அழுதுக்கிட்டு நிக்கறா. இவ ஒருத்திதான் வண்டி ஓட்டிக்கிட்டுச் சிரிக்கறா."

"சிரிச்சா எவளும் வாங்கமாட்டான்னாருங்க, புஸ்தகம் போட்டவரு. அழுவற படம் போட்டா கதையே தரமாட்டேன்னு சொல்லிப்போட்டனுங்க."

"கதையை நீங்க எதுக்குங்க தரோணும்?"

"எழுதுனது நானுங்க."

படித்தவள் சட்டென்று புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மிணி, கடைசியில அவனை இவ கட்டிக்கறாளா இல்லையான்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க!"

எழுதியவள் ராசிபுரம் வரும்வரை வாயே திறக்கவில்லை. முகம் மட்டும் பூரித்துக் கிடந்தது.