பெல்ட் தேயாத மிசின்

பதினோரு வருஷத்தில் இந்த மிசினுக்கு ஒரே ஒரு பெல்ட்தான் மாற்றியிருக்கிறேன் என்றதும் சிரித்தீர்கள். ஆடிட்டுக்கு வருகிற யாரும் நம்புவதில்லை சார். எப்படிப் பராமரித்தாய், எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டதும் நீங்கள் ஒருவர்தான். சொல்கிறேன். எனக்கும் அலுத்துவிட்டது.

குழந்தைகள் ஷூ தைக்கிற இந்த ஆம்பூர் கம்பெனியில் டிடெக்டர்தான் கடைசி வாசல். ஷூவுக்குள் உடைந்த ஊசித்துண்டு இருந்தால் கத்தும். பெல்ட் சடக்கென்று நிற்கும். மிசினைத் தின்பது இரண்டே இரண்டு. தோல் தூசியும் அந்தச் சடக்கும்.

தூசிக்குச் செலவே கிடையாது. என் மனைவி ஃபீபி வேலூரில் நர்ஸ். ஆஸ்பத்திரியில் கழித்துப் போடுகிற எக்ஸ்ரே ஃபிலிமைக் கொண்டுவருவாள். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பெல்ட்டுக்கு அடியில் ஒன்று, மேலே மூடியாக ஒன்று. வேலை முடிந்ததும் பழைய குடைத்துணியில் தைத்த உறை. அவ்வளவுதான்.

சடக்குக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. மணிக்கொரு தரம் இரும்புத் துணுக்கு பதித்த டெஸ்ட் கார்டை உள்ளே விட்டு மிசின் கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதை ஒரு நாளைக்கு இரண்டாகக் குறைத்தேன். ரிஜிஸ்டரில் மட்டும் எட்டுக் கையெழுத்து இருக்கும். மேனேஜர் மக்பூல் அகமது சொல்லியிருந்தார்: "பெல்ட் போச்சு, இன்னா பண்றதுன்னு எங்கிட்ட வராத நத்தானியேல். மிசின் படுத்தா நீயும் வூட்ல படுத்துக்க." அந்த மனுஷன்மேல் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

தொண்ணூற்றொன்பது நவம்பரில் ஒருநாள் சைரா என்னிடம் வந்தாள். தையல் லைனில் நல்ல கை. புருஷன் இல்லை, ஒரே பெண் குழந்தை.

"அண்ணா, ஊசி மூணா உடஞ்சிச்சு. ரெண்டு துண்டுதான் கெடச்சிது. முனையக் காணோம்."

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உடைந்த ஊசியை முழுசாகச் சேர்த்து ரிஜிஸ்டரில் ஒட்டினால்தான் புது ஊசி. துண்டு கிடைக்காவிட்டால் அந்த லாட் மொத்தமும் மிசினில் போக வேண்டும். இருநூற்று நாற்பது ஜோடி. அன்றைக்குத்தான் பெல்ட்டின் ஒட்டு விட்டுப்போய் சொல்யூஷன் தடவிக் காயப் போட்டிருந்தேன். ஒரு மணி நேரம் உறையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பாஸ் முத்திரை குத்தினேன்.

"எல்லாம் உட்டுப் பாத்தாச்சும்மா. ஒண்ணும் இல்ல."

"அல்லா காப்பாத்துனான் அண்ணா," என்றாள்.

நிறம் சரியில்லை என்று அந்த லாட்டைக் கப்பலேற்றவில்லை. கிறிஸ்துமஸும் ரம்ஜானும் ஒட்டி வந்த வருஷம் அது. வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார்கள். சைரா தன் ஆறு வயசுக் கௌசருக்குச் சிவப்பு ஜோடி ஒன்றை எடுத்துப் போனதைப் பார்த்தேன். நானூற்றெண்பது ஷூவில் அதுதானா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் கேட்டாள். "புது ஷூ குத்துதுன்னு அழுவுறா அண்ணா."

"புதுசு கடிக்கத்தான் செய்யும். தேங்கா எண்ண தடவு."

அடுத்த வாரம், வீக்கம் ஜாஸ்தியாகிவிட்டது, காய்ச்சல் என்றாள். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். எதைத் தேடச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் ரிஜிஸ்டரைப் பிரிப்பார்கள், மிசினைப் பிரிப்பார்கள். சொல்லவில்லை. கடைசியில் எக்ஸ்ரேயில் ஊசிமுனை தெரிந்தபோது சீழ் எலும்புவரை போயிருந்தது. பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். பட்ட காலிலே படும் என்று லைனில் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். நானும்தான்.

ஷூவை யாரும் சந்தேகப்படவில்லை. அது டிடெக்டரில் பாஸான ஷூ. "என் துப்பட்டாவுல ஒட்டிக்கினு வூட்டுக்கு வந்துருக்குது அந்த முனை. நான்தான் என் புள்ள கால எடுத்தேன்," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதன்பிறகு ஊசியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது பெருக்குகிறாள், டீ கொடுக்கிறாள். உங்களுக்குக் கொடுத்தவள்தான்.

ஒருநாள் அந்த எக்ஸ்ரே ஃபிலிமோடு வந்தாள். "இத வூட்ல வச்சிக்க முடியல அண்ணா. தூக்கிப் போடவும் மனசு வரல. உங்க மிசினுக்காவது ஆவட்டும்."

சின்னக் கால். கட்டைவிரலுக்குக் கீழே அரிசி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு நாள் ஊறவைத்தேன். சுற்றியிருந்த கறுப்பு கரைந்ததும் காலும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை. இதோ, பெல்ட்டைத் தூக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். மற்ற ஃபிலிம் ஆறு மாதம் தாங்காது. இது நாலு வருஷமாகக் கீறல் இல்லாமல் கிடக்கிறது.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் சார், நான் மறுக்கப் போவதில்லை. டம்ளர் எடுக்க சைரா வருவாள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன் தப்புதான் என்று இப்போதுதான் அவள் ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். பாவம், அதை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?