மெருகு அழித்த வடு

தலைமை இருக்கையில் தளராமல் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! தலைமுடியினும் மெல்லிய சுருள்வில்லைத் தட்டி நிமிர்த்தித் துடிக்க வைக்கும் பழுதுபார்ப்புக் கலைஞர்களே! வயதில் மூத்த, வாட்சு ஆசையில் அதனினும் மூத்த பெரியோர்களே! கண்ணாடிப் பேழையைப் பார்க்கும் கனிவோடு கணவர் நம்மை ஒருநாளாவது பார்க்கமாட்டாரா என்று காத்திருக்கும் தாய்மார்களே! சிரிக்கிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் சிரிப்பு வராது. அனைவருக்கும் என் பணிவு கலந்த வணக்கம்.

சுவிஸ் கடிகாரத்தின் அழகைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அழகுக்கா பஞ்சம்? மின்கலம் கிடையாது, மின்சாரம் கிடையாது. குமிழைத் திருகினால் சுருண்ட வில்லொன்று உயிர்பெற்றுச் சக்கரங்களைச் சுழற்றுகிறதே, அது அழகில்லையா? மூடியைத் திறந்தாலொழிய எவர் கண்ணுக்கும் தெரியாத தகட்டிலும் அலை அலையாகக் கோடிழைத்து வைத்தானே ஒரு தொழிலாளி, அது அழகில்லையா? அழகுதான் ஐயா, அழகுதான்! ஆனால் இன்று நான் பேச வந்தது அந்த அழகை அல்ல. ஓர் அழகு செய்த அக்கிரமத்தைப் பேச வந்திருக்கிறேன்.

நம் பழைய வாட்ச் சேகரிப்போர் சங்கத்தில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். நாம் அவரை அழைத்தது 'பளபள டாக்டர்' என்று. பல்லில் கறை பொறுக்காதவர், வாட்சில் கீறல் பொறுப்பாரா? வாங்குவார், மெருகேற்றுவார், அப்புறம்தான் அணிவார். அவர் இன்று இந்த அரங்கில் இல்லை. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "பூசி மெழுகாம சொல்லுங்க வக்கீல் சார்" என்றார்.

சென்ற கண்காட்சியில் அவர் வைத்திருந்த எஃகு வாட்சை மறந்திருக்கமாட்டீர்கள். கருநீல டயல், ஒன்பது மணிப்பக்கம் வினாடிக்கெனத் தனியே ஒரு குட்டி முள். அந்தப் பேழை முன் ஒரு பெண் வந்து நின்றார். மருத்துவமனைச் செவிலியர், வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தார். நின்றவர் நகரவில்லை. நானும் டாக்டரும் பக்கத்தில் இருந்தோம்.

"டாக்டர், இது எங்கப்பாவோட வாட்ச்" என்றார்.

அவர் தந்தை கப்பலில் இயந்திரப் பொறியாளர். புயலில் கப்பலைக் கரை சேர்த்ததற்கு முதலாளி தந்த பரிசு அந்த வாட்ச். ஓய்வுபெற்ற பிறகு, பயணிகள் படகு ஒன்று கவிழ்ந்ததில் அவர் போய்விட்டார். கடல் உடலைத் தாமதமாகத்தான் கொடுத்தது. அடையாளம் காட்டப் போனவர் இந்த மகள். மணிக்கட்டில் வாட்ச் இல்லை. வாட்ச் இருந்த இடத்தில் வெளுத்த பட்டையாகத் தோல் மட்டும் இருந்தது. கழற்றியது அலையா, ஆளா? இன்றுவரை யாருக்கும் தெரியாது.

டாக்டர் சிரித்தார். "இதே மாதிரி நிறைய இருக்கும்மா. நான் கடையில முறையா பில் போட்டு வாங்கினது."

"குமிழுக்கு எதிர்ப்பக்கம் ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும் டாக்டர். இன்ஜின் ரூம் இரும்புக் கதவு அடிச்சது. கை போயிருக்கணும், வாட்ச் வாங்கிக்கிச்சு. அது இருக்கான்னு மட்டும் பாருங்களேன்."

டாக்டர் வாட்சை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார், லென்சையும் கொடுத்தார். "நீங்களே பாருங்க. அப்படி எதுவும் இல்லையே?"

அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரம் வழுவழுவென்று இருந்தது. அவர் முகம் வாடியது. "மன்னிச்சுக்கங்க டாக்டர், தப்பா நெனச்சுட்டேன்" என்று கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்.

அவையோரே! வாங்கும்போது அந்த வாட்சில் வெட்டு இருந்தது! எதிர்ப்பக்க ஓரத்தில், ஆழமாக இருந்தது! மெருகுச் சக்கரத்தில் கொடுத்து, எஃகைத் தேய்த்துத் தேய்த்து அதைக் கரைத்தவர் இந்த டாக்டர். ஆக, அவர் வாய் சொன்னது பொய்யா? இல்லை, 'இல்லையே' என்றார், இல்லைதான். உண்மையா? அதுவும் இல்லை! நீதிமன்றத்திலேயே காலம் கழித்த நான் சொல்கிறேன், உண்மையைக் கொண்டே உண்மையைக் கொல்லும் கொலைக்கு ஈடான கொலை வேறில்லை.

அதன்பின் டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொன்னதைக்கூட விழுங்கிவிட்டார், அந்தப் பெண் கேட்ட மன்னிப்புதான் தொண்டையில் நின்றது. மருத்துவமனைக்குப் போய் விசாரித்து, வாட்சோடு அவர்கள் வீட்டுப் படியேறினார்.

செவிலியரின் தாய் கட்டிலில் அமர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். கண் பார்வை போய்விட்டது, விரல்தான் பார்வை. மகள் வாட்சை உள்ளங்கையில் வைத்தார். அந்தத் தாய் குமிழைத் திருகினார், காதோரம் வைத்தார். "சத்தம் அவரோடது மாதிரியே இருக்கு" என்றார். பிறகு கட்டைவிரல் ஓரத்துக்குப் போனது. தடவியது. மறுபடி போனது. மறுபடி தடவியது.

"இது இல்ல தம்பி. அவரோடதுல இங்க ஒரு வெட்டு இருக்கும்."

டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருந்துச்சும்மா. நான்தான் தேய்ச்சு எடுக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"பார்க்க அசிங்கமா இருந்துச்சு."

அந்தத் தாய் கத்தவில்லை, சபிக்கவில்லை. "அவரப் பெட்டியில வெச்சு ஆணியடிச்சு மூடிக் கொண்டுவந்தாங்க தம்பி. தொடவே விடல. அவர் வெளிய கிளம்புறப்ப நான்தான் கையில கட்டிவிடுவேன், அந்த வெட்டத் தடவிப் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன். அதையா அழிச்சீங்க?" என்றார். வாட்சை மகளிடம் நீட்டினார். "நீ வேணா வெச்சுக்கோ. எனக்கு இதுல ஒண்ணும் இல்ல."

டாக்டர் எழுந்தார். வாசல்வரை வந்த மகள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டாக்டர், அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி உங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன். அதத் திருப்பிக் குடுங்க."

எதை எடுத்துக் கொடுப்பார்? வாட்சைக் கொடுத்துவிட்டார், அந்தப் பெண் கைகூப்பி நின்ற நிலையை எந்தப் பேழையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்? தலை குனிந்து இறங்கி வந்தவர்தான், சங்கத்துக்குத் திரும்பவேயில்லை.

பின்வரிசையில் ஒருவர் "பில்தான் இருந்துச்சே?" என்கிறார். இருந்தது ஐயா! பில் விற்றவனைச் சொல்லும், இழந்தவனைச் சொல்லுமா? விலையைச் சொல்லும், விதவையைச் சொல்லுமா? நாம் முள்ளின் நீலத்தை ஆராய்ந்தோம், அது யார் கையில் ஓடியது என்று ஆராய்ந்தோமா? இயந்திரத்துக்குள் பதித்த கல் எத்தனை என்று கேட்டோம், கண்ணீர் உண்டா என்று கேட்டோமா? பழைய பொருளை நேசிக்கிறோம் என்று மார்தட்டும் நாம், அது பழசானதன் அடையாளத்தை அல்லவா முதலில் அழிக்கிறோம்!

ஆகவே என் கோரிக்கை இது. அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு வாட்சின் அருகிலும் அதை முன்பு அணிந்தவர் யாரென்று எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். அந்தச் சொல் நம் பேழையில் உட்கார்ந்து நம்மை உறுத்தட்டும்! தேடிக்கொண்டு வரும் ஒருவர், தான் இழந்த வாட்ச் எப்படியிருந்தது என்று சொல்ல வழியிருக்கட்டும். அதுவரை எந்த வடுவின் மீதும் சக்கரம் ஓட வேண்டாம்.

இப்போதே கழற்றுங்கள். ஆம், நீங்களும்தான் தலைவர் அவர்களே. உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன் இது யாருடையது?



பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. விடை தேடிப் புறப்படப்போகும் கால்களுக்கு என் வணக்கம்.