ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தம்ளர் தண்ணீர்

படுக்கையறைக்கு மரத்தரை நல்லது. காலையில் எழுந்து வெறுங்காலை வைத்தால் சில்லிடாது. இதை நானே முதலில் ஒப்புக்கொண்டேன். நான் பிடிவாதக்காரன் இல்லை என்பதற்கு இது போதும்.

சமையலறைக்கு மட்டும் டைல்ஸ் போடலாம் என்றேன். தண்ணீர் பட்டால் மரம் உப்பிக்கொள்ளும். என் மனைவிக்கோ வீடு முழுக்க மரத்தரையாகவே ஓட வேண்டும். தச்சரும் அவள் பக்கம் சாய்ந்தார். நல்ல தேக்கு, சிந்தினால் உடனே துடைத்துவிட்டால் பேரன் காலம் வரை உழைக்கும் என்றார். நான் தோற்றேன்.

முதலில் சமையலறைத் தரை வந்தது. ஒரு மழைக்காலமும் வந்து போனது. பலகை அசையவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள், "இவரு வேணாம்னுதான் சொன்னாரு" என்பாள். அவள் சிரித்ததில் தப்பில்லை. தரையும் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உண்மை எப்படியும் வெளியே வரும். சில சமயம் தாமதமாகும். நான் கொஞ்சம் கைகொடுத்தேன், அவ்வளவுதான். தினமும் காலையில் அவள் குளிக்கப் போனதும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தம்ளர் தண்ணீர். காபிக்குக் கொதிக்கவைத்ததில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்துத்தான் ஊற்றினேன், கொதிக்கக் கொதிக்க ஊற்ற மனம் வரவில்லை. பிறகு காபி போட்டு அவளுக்கும் கொடுப்பேன். இந்த வயதில் இவருக்கு இவ்வளவு கரிசனமா என்று அவள் தன் அக்காவிடம் சொல்லி நெகிழ்ந்தாள்.

பலகை உப்பியது. ஃபிரிட்ஜ், பாட்டுக் கேட்டுச் சொக்கிப்போனவர் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. தச்சர் தரையில் குப்புறப் படுத்து முகர்ந்து பார்த்தார்.

"எங்க கசியுதுன்னே தெரியலம்மா. என் கைவேல இப்படி ஆனதே இல்ல."

அவர் பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி."

கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த வாக்கியம். கேட்டதும் மனம் இளகிவிட்டது. இன்னும் பாக்கியிருந்த ஹால் தரை வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாக அவள் சொன்னபோது நான்தான் தடுத்தேன். பாவம், அவர் என்ன செய்வார், அவருக்கே கொடு என்றேன். தச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மனசு யாருக்கு சார் வரும்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஹாலுக்கு வெளிர்நிற மரம் எடுக்கச் சொன்னேன். கறுப்பில் சின்னக் கீறல்கூடப் பளிச்சென்று தெரியும். அவளும் தச்சரும் கலந்து பேசிக் கறுப்பையே எடுத்தார்கள். உங்கள் இஷ்டம் என்றேன். தரையும் பளபளவென்று வந்துவிட்டது.

நாளை ஒரு நாய்க்குட்டி வாங்கி வருகிறேன். நகம் நன்றாக வளருமா என்று மட்டும் விசாரித்துக்கொண்டேன். தெருவில் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவன்தான் நான். ஆனாலும் வாயில்லா ஜீவன்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு பிரியம்.