செல்வியின் டிராக்டர்

கீரனூர் தாண்டியதும் பேருந்துக்குள் காற்று துள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“அக்கா, என் டிராக்டரு போயிருச்சு.”

“ஒனக்கு ஏதுடி டிராக்டரு? சைக்கிளே ஓட்டத் தெரியாது.”

“தையல் கடை வைக்க லோன் கேட்டேன்ல. ‘டிராக்டர் லோன் பாக்கி நிக்கிது, அதை மொதல்ல கட்டுங்க செல்வி’ன்னு பேங்க்ல கிரெடிட் ரிப்போர்ட்டைக் காட்டுனாங்க.”

“யாரு வாங்குன டிராக்டரு?”

“மீமிசல் பக்கம் இன்னொரு செல்வி. அதே இனிஷியல், அதே பொறந்த தேதி. அவ கடனைத் தூக்கி என் கணக்குல ஏத்திட்டாங்க. ஆதாரு, பான் கார்டெல்லாம் அனுப்பி, நான் அவ இல்லைன்னு ரிப்போர்ட் போடுற கம்பெனிக்கு ஆன்லைன்ல எழுதிப் போட்டேன். இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு, எடுத்துட்டாங்களாம்.”

“அப்ப லோனு?”

“ரிப்போர்ட் சரியானா வாங்கன்னு சொல்லிருக்காங்க. நாளைக்கே போறேன்.”

இருவரும் தோளில் தோள் இடித்துச் சிரித்தார்கள். சாலையோரப் பனைகளும் சேர்ந்து குலுங்கியது போலிருந்தது.

“ஓம் மாமியாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லல. அந்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, நான் ரகசியமா டிராக்டர் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கேன்னு அது நம்பிருச்சு. ஒரு மாசமா காலையில காப்பி போட்டுத் தருதுக்கா. கடை தொறக்குற வரைக்கும் குடிச்சுக்கிறேன்.”