மலர்க்கொடி சுமந்த தண்ணீர்

"ஹலோ... ஹலோ... சொல்லுங்க, ஓடிக்கிட்டுதான் இருக்கேன்... ஆமா, ஆமா, ஓடுனா மூச்சு வாங்காதா?... என்னது, தண்ணி வரலையா?"

இடுப்புப் பட்டையிலிருந்து உருவிய அலைபேசியைக் காதில் வைத்தபடியே மலர்க்கொடி காவிரிப் பாலத்தில் ஏறினாள். நாற்பத்தேழு வயது, மன்னார்புரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள். விடியுமுன் தொடங்கிய அரை மாரத்தானில் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது ஒரு வேன் மட்டும்தான். நேரத்துக்குள் முடிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன். போன வருஷம் அதில்தான் அவள் ஓட்டம் முடிகிற ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்தக் கதையைக் கணவர் அரவிந்தன் துறையூர்ச் சொந்தக்காரர்கள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

"தலையில சோப்போட நிக்கிறீங்களா?... இல்லங்க, சிரிக்கல, மூச்சுதான்... பக்கெட்ல பிடிச்சு வெச்சுட்டுல்ல குளிக்கப் போகணும்... மோட்டார் ஓடுதா?... சத்தம் வருது, தண்ணி வரல. சரி, சரி... கீழ் வீட்டு ஷெர்லின்ட்ட ஒரு பக்கெட் கேளுங்க... என்ன வெக்கம்? துண்டக் கட்டிக்கிட்டுப் போங்க... நேத்து என்ன சொன்னீங்க? தெருவுக்குத் தெரு தண்ணி கெடக்கு, இவ மட்டும் வயலுக்கு மருந்தடிக்கப் போற மாதிரி முதுகுல டேங்க கட்டிக்கிட்டுப் போறான்னு... நீங்கதான் சொன்னீங்க... ஞாபகம் இல்லையா? சரி, கண்ண மூடிக்குங்க. எரியும்."

முதுகுப் பையில் ஒன்றரை லிட்டர் இருந்தது. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர்; தோள் வழியாக வரும் சிறு குழாயில் உறிஞ்சிக்கொள்ளலாம். பாதி தூரம் வரை வாயை நனைத்ததோடு சரி, மிச்சத்தைக் கடைசிக்கென்று வைத்திருந்தாள். இந்த வருஷம் வழியில் யாரும் தண்ணீர் தரமாட்டார்கள். போன தடவை வீசிய பிளாஸ்டிக் கோப்பைகள் காவிரியில் மிதந்ததால், அவரவர் தண்ணீரை அவரவரே சுமக்க வேண்டும் என்று விதி. அதைக் கொண்டுவந்தவன் ஓட்டக் குழுவின் செயலாளர் சித்தார்த். சுமக்க முடியாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் பாடம் எடுத்தவன்.

"இருங்க, இருங்க... வெக்காதீங்க. இங்க யாரோ உக்காந்திருக்காங்க."

பாலத்தின் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு ஒருவன் கிடந்தான். உதடு வெளுத்திருந்தது. கிட்டப் போனதும் அடையாளம் தெரிந்தது. சித்தார்த்தேதான்.

"தம்பி... தம்பி, இங்க பாருங்க. கண்ணத் திறங்க... உங்க தண்ணி எங்க?... கார்லயா? ஏன்?... வெயிட்டா?"

அலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஏங்க, அந்த சித்தார்த்துங்க... ஆமா, அவனேதான். கார்ல வெச்சுட்டு வந்துட்டானாம். சுமந்தா டைமிங் போயிடுமாம்... சிரிக்காதீங்க, பாவம்."

வேன் பாலத்துக்குள் திரும்புவது தெரிந்தது. அதற்குக் கையைக் காட்டப் போனாள். சித்தார்த் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"என்ன தம்பி, வேன் வேணாமா?... செயலாளர் வேன்ல வந்தா நல்லாருக்காதா? உசுரு போனா மட்டும் நல்லாருக்குமா?"

கோபம் வந்தது. ஆனால் மயங்கி விழுகிற முகம் எப்படி இருக்கும் என்று கடையில் நின்று பார்த்தவள் அவள். பையைக் கழற்றி மூடியைத் திறந்து அவன் வாயில் சாய்த்தாள்.

"மெதுவா... கொஞ்சம் கொஞ்சமா... உங்களச் சொல்லலங்க. நீங்க இன்னும் படியிலதான் நிக்கிறீங்களா?... ஷெர்லின் வீட்டுக்காரர் வந்தாரா? நல்லதாப் போச்சு... தம்பி, போதும். எனக்கும் கொஞ்சம்... தம்பி!"

பை தட்டையாகிவிட்டது. சித்தார்த்தின் முகத்தில் ரத்தம் ஏறியது. உட்கார்ந்திருந்துவிட்டு மெல்ல நடந்து வாருங்கள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றான்.

"ஏங்க... எந்திரிச்சுட்டான்... இல்ல, ஓடுறான்ங்க! என் தண்ணிய வயித்துல வெச்சுக்கிட்டு எனக்கு முன்னாடி ஓடுறான்... ‘தேங்க்ஸ் ஆன்ட்டி’யாம். அவன் மீசையே நரைச்சிருக்கு, நான் ஆன்ட்டியாம்!"

பின்னால் வேன் ஹாரன் அடித்தது. அவள் ஓடத் தொடங்கினாள். வெயில் ஏறியிருந்தது. மாம்பழச்சாலை திரும்புவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"வேணாம்... வண்டிய எடுத்துட்டு வராதீங்க. அடுத்தவங்க தண்ணியக் குடிச்சா ரிசல்ட்ல பேரு வராது... அவன் குடிச்சதா? அதேதான். அவன் பேரும் வரக்கூடாது... புகாரா? ரூல்ஸ எழுதுனதே அவன், யார்ட்ட போய்ச் சொல்ல?... பேசாதீங்க. என்னால முடியல... இல்ல, இல்ல, பேசுங்க. மோட்டார் பத்தியே பேசுங்க... ம்... ம்... யாரு, ப்ளம்பரா?... ம்..."

அரவிந்தன் மோட்டாரைப் பற்றிப் பேசினார். அதன் வால்வைப் பற்றியும், அரியமங்கலத்தில் அதை மாற்றித் தருகிற பட்டறையைப் பற்றியும் பேசினார். அவள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு "ம்" கொட்டினாள். வேன் அவள் குதிகாலை ஒட்டியே வந்தது. அம்மா மண்டபம் ரோட்டில் முடிவு வளைவைக் கழற்ற ஆட்கள் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க... ஏய், கழட்டாதீங்க, வரேன்... வந்துட்டேன்... வந்துட்டேங்க! ஆமா, வேனுக்கு முன்னாடி. கால்ல, கால்லதான் வந்தேன்!... யாரு அழறது, நீங்களா?... சோப்பா? பக்கெட் கெடச்சும் இன்னும் குளிக்கலையா?... போன வெக்கச் சொல்லியிருந்தா வெச்சிருப்பேன்ல... சரி, சரி."

குழுவைச் சேர்ந்த லூர்துராணி மைக்கோடு ஓடிவந்தாள். கடைசியாக வந்தவரும் சொந்தத் தண்ணீரோடு வந்திருக்கிறார் பாருங்கள் என்று ஊருக்கே அறிவித்தாள். பதக்கம் மாட்ட வந்தவன் சித்தார்த். அவளைக் கண்டதும் பதக்கத்தின் நாடா அவன் விரலிலேயே சுற்றிக்கொண்டு நின்றது. எவ்வளவு தண்ணீர் சுமந்தீர்கள் என்று கேட்டு லூர்துராணி மைக்கை நீட்டினாள்.

மலர்க்கொடி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஒன்றரை லிட்டர்ங்க. ரெண்டு பேருக்குத் தாராளமாப் பத்துச்சு."

கூட்டம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு கைதட்டியது.

"கேட்டுச்சா?... ஆமா, கைதட்டல்தான்... அவனா? அவன்தாங்க எல்லாரையும்விட சத்தமாத் தட்டுறான்... சரி, வெச்சுடுறேன், நாக்கு வறண்டு கெடக்கு. நீங்க போய்க் குளிங்க."