ஓட்ட ஆளில்லாத வண்டி

இல்லண்ணா, நீங்க கேட்டது சரியான கேள்வி. அப்பா சொன்னதுதான் தப்பான பதில். வண்டி மேட்டுல மூச்சு வாங்குதேன்னு கேட்டீங்க, அவர் மேடு ரொம்ப செங்குத்துன்னுட்டார். மேடு என்ன நேத்தா முளைச்சுது? அவர் மாடியில ரெண்டாவது சாவியைத் தேடி முடிக்கறதுக்குள்ள நான் உள்ளதைச் சொல்லிடறேன். இதை விக்கறதுல எனக்கு இஷ்டமில்ல, அதை மறைக்கல. ஆனா பொய் சொல்ல மாட்டேன்.

பானெட்டைத் திறங்க. சூடா இருக்கும், பாத்து. அந்தா, நத்தைக்கூடு மாதிரி சுருண்டுட்டு இருக்கே, அதான் டர்போ. எஞ்சின் விடற புகை அதைச் சுழட்டும், அது எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கும். அளவுக்கு மேல திணிச்சுடக் கூடாதுன்னு ஒரு குட்டிக் கதவு வெச்சிருக்காங்க. வேஸ்ட்கேட்டும்பாங்க. அது திறந்தா புகை டர்போ பக்கம் போகாம நேரா வெளிய ஓடிடும். மூடவே இல்லைன்னா? அதேதான். மிதிச்சா சத்தம் வரும், வேகம் வராது. எங்க வீட்டு விவாதம் மாதிரி.

போன வருஷம் நிஜமாவே இப்படி ஆச்சு. ஒர்க்‌ஷாப்காரர் ஸ்கேனரைச் சொருகினார், டர்போ அழுத்தம் பத்தலைன்னு காட்டுச்சு. உடனே டர்போவையே மாத்தணும்னுட்டார். எனக்கு வந்துச்சே கோபம். நான் படிக்கிறது சட்டம்தான், ஆனா குத்தத்தை நிரூபிக்காம தண்டனை குடுக்கக் கூடாதுங்கறது டர்போவுக்கும் பொருந்தும்ல?

இந்த டப்பாவைப் பாருங்க. இதுலேர்ந்து ஒரு கம்பி போய்க் கதவைப் பிடிச்சிருக்கு. டப்பாவுக்குள்ள இருக்கற காத்தை உறிஞ்சினா கம்பி இழுக்கும், கதவு மூடும். உறிஞ்சறதுக்கு ஒரு ரப்பர் குழாய். நான் காத்தை உறிஞ்சற கைப்பம்பு ஒண்ணை இரவல் வாங்கிட்டு வந்து நேரா டப்பாவுல மாட்டி இழுத்தேன். கம்பி டக்குனு நகந்துச்சு, நான் விடற வரைக்கும் அப்படியே நின்னுச்சு. அப்ப டப்பாவுல ஓட்டையில்ல, கதவும் சிக்கிக்கல. டர்போ நிரபராதி. மிச்சம் யாரு? குழாய். கிளிப்புக்கு அடியில, கண்ணுக்கே தெரியாத இடத்துல கீறல். ஒரு சாண் குழாய் புதுசா மாட்டினோம், வண்டி பறந்துச்சு. மாட்டினோம்னா, அம்மா டார்ச் பிடிச்சாங்க. இது எதுக்கு, அது எதுக்குன்னு கேட்டே என் உயிரை எடுத்துட்டாங்க.

ஆமா, உங்களுக்குக் காபி குடுத்தாங்களே, அவங்கதான். ம்ஹும், அதிகம் பேச மாட்டாங்க. நானும் அப்பாவும் தொண்டை வறள வாதாடிட்டிருப்போம், அவங்க பாட்டுக்கு வெங்காயம் உரிச்சிட்டிருப்பாங்க.

ஏன் விக்கறாரா? அப்படிக் கேளுங்க. கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பிச்சதிலேர்ந்து அப்பா வண்டியைத் தொடறதில்ல. ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்குங்கறார். அதைச் சொல்றப்ப எதிர்ல அம்மா நிக்கறாங்க. கையில புத்தம் புது லைசன்ஸ். ஆளில்லையாம். நான் விடுவேனா? சமத்துவம், சொத்துரிமை, ஒண்ணு பாக்கியில்லாம இறக்கினேன். அவர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டார். நீ சொல்றது சரிதாம்மான்னார். எழுந்து போய் விளம்பரம் குடுத்துட்டார்.

என்னண்ணா, டார்ச் எல்லாம் கொண்டு வந்திருக்கீங்க. அங்க என்ன... ஆமா. டப்பா முனை மொட்டையாதான் இருக்கு, குழாயைக் காணோம். அறுந்து விழுந்திருக்குமா? இல்ல, குழாயோட மறுமுனை மாட்டற இடத்தைப் பேனா மூடியால அடைச்சிருக்கே, தானா விழற குழாய் அதெல்லாம் செய்யாது. ஐயோ, நான் எடுக்கலண்ணா. உங்க காபிக் கப்பைத் திருப்பிப் பாருங்க. பிடிக்குப் பக்கத்துல கருப்பா ஒரு கட்டைவிரல் ரேகை.

ம். அவங்கதான்.

எனக்கே போன தடவை ஒருத்தர் வந்துட்டுப் போனப்புறம்தான் தெரியும். வாங்கறதுக்கு ஆள் வராங்கன்னா குழாய் அம்மாவோட மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள போயிடும். வந்தவங்க போனதும் மறுபடி மாட்டிடுவாங்க. குழாய் இல்லாம கொஞ்ச தூரம் ஓட்டினா எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாதுல்லன்னு டார்ச் பிடிச்ச அன்னிக்கே என்கிட்ட கேட்டு வெச்சிருக்காங்க, நான்தான் சும்மா கேக்கறாங்கன்னு நினைச்சேன். காலையில அப்பா வேன் ஏறுவார், பின்னாடியே இவங்க வண்டி ஏறுவாங்க. ஊருக்கு வெளிய ஒரு கிடங்குல மேற்பார்வை வேலைண்ணா. பஸ் போகாத இடம். வண்டி போச்சுன்னா வேலையும் போச்சு. நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் அவர்கிட்ட சொல்லிக்கலாம்கறாங்க.

அந்த ரெண்டாவது சாவி அப்பாவுக்குக் கிடைக்காது. அது அம்மா கைப்பையில இருக்கு.

இறங்கி வர்றார் பாருங்க. பானெட்டை மூடிடுங்க. டர்போவே போச்சு, எனக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்கண்ணா. என்ன? பொய் சொல்ல மாட்டேன்னு நான் சொன்னது வாஸ்தவம். நீங்க சொல்லக் கூடாதுன்னு எங்க சொன்னேன்?