ரத்து செய்ய நான்கை அழுத்தவும்

தொலைபேசியில் காத்திருப்பது எனக்கு ஒருபோதும் சிரமமாக இருந்ததில்லை, ஐயா. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, அந்தப் புல்லாங்குழல் இசை முடிவதற்குள் நான்கு சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவேன். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. அதனால் பதினோரு வருஷமாக அவளுடைய பயண ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு.

ஏற்பாடு என்றால் என்னவென்று, உங்களைப் போல் இந்த விசாரணைக்கு நடந்து வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சக்கர நாற்காலியோடு ரயிலில் ஏறச் சாய்தளம் வேண்டுமென்றால், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே உதவி மையத்துக்குச் சொல்ல வேண்டும். நாற்காலியில் இருப்பவர்களுக்குத் திடீர் ஆசைகள் வந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று உங்கள் ரயில்வே துறைக்கு அவ்வளவு அக்கறை. நாற்காலியின் எடையைக் கேட்பார்கள். "ஆளோட சேர்த்தா, ஆள் இல்லாமயா?" என்று ஒருவர். "ரெண்டு படிதானே சார், எந்திரிச்சு ஏறிக்க மாட்டாங்களா?" என்று இன்னொருவர். நிலையத்தில் அவர்களுக்கென்று கட்டிய கழிவறையில் துடைப்பங்கள் வசதியாகக் குடியிருக்கின்றன. பயணம் என்றால் அக்கா முந்தின நாள் மத்தியானமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள்.

இத்தனைக்கும் பிறகு, பத்தில் நான்கு முறை சாய்தளம் வராது. நான் குறை சொல்லவில்லை. எனக்கு உங்கள் துறை செய்த பேருதவி அதுதான். தானாகவே நான்கு முறை வராத ஒன்று ஐந்தாவது முறையும் வராவிட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அக்கா பாலங்களுக்கு வரைபடம் போடுபவள். வேறொரு நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தங்க ஒரு தரைத்தள வீடும். போட்டோவைக் காட்டினாள். "பாருடா, வாசப்படியே இல்ல." நேரில் வந்து பணியில் சேர வேண்டும் என்று தேதி கொடுத்திருந்தார்கள்.

"நானும் கூட வரேன்க்கா."

"நீ எதுக்குடா? அங்க தனியாத்தான் இருக்கப்போறேன். போறதயும் தனியாவே போய்ப் பழகிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் ஒருவனிடம் சிரித்துக்கொண்டு சொல்கிற விஷயமா அது?

ஒழுங்காகப் பதிவு செய்தேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டு நான்கை அழுத்தினேன். ரத்து செய்வதென்றால் பயணியே பேச வேண்டும் என்பது உங்கள் விதி. பயணி இறந்துவிட்டால் மட்டும் நெருங்கிய உறவினர் சொன்னால் போதும். நெருங்கிய உறவினர் நான்தான். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. அக்கா உயிரோடு இருப்பதற்கு வருஷாவருஷம் மூன்று சான்றிதழ் கேட்கிற உலகம், அவள் இறந்ததற்கு என் வாய்ச்சொல்லே போதும் என்று விட்டுவிட்டது.

அவள் ரயிலைத் தவறவிட்டாள். அலுவலகம் வேறு தேதி கொடுத்தது. இரண்டாவது முறையும் அக்கா இறந்தாள்; அதே பெயர், அதே எண். கணினிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மூன்றாவது தேதிதான் கடைசி, தவறினால் வேலை அடுத்தவருக்கு என்று எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது முறை பேசிய பெண் மட்டும் பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். "ரொம்ப வருத்தமா இருக்கு சார். போன வாரம்தான் அவங்க என்கிட்ட பேசினாங்க. ஜன்னலோரம் வேணும்னாங்க. வீட்டு அட்ரஸ் சொல்றீங்களா?" அக்கா எனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. முகவரியைச் சொன்னேன். துக்க வீட்டுக்காரன் மறுத்தால் நன்றாக இருக்காது.

மூன்றாவது தேதிக்கு அவள் ஏற வேண்டிய ரயில் எங்கள் நிலையத்தில் நான்கு நிமிஷம் நிற்கும். லிஃப்டில் அக்காவை இரண்டாவது நடைமேடைக்கு ஏற்றிவிட்ட ஊழியர், அதைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். இறக்குவது அடுத்த ஷிப்ட்காரர் வேலையாம். பெட்டி வாசல் நடைமேடையைவிட ஒரு முழம்தான் உயரம். நான்கு நிமிஷமும் அக்கா அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். எதிர் நடைமேடையில், பத்திரிகைக் கடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஐந்து மணி நேரம். கால் கடுத்துப்போயிற்று. அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. தூணின் நிழல் நகர நகர நாற்காலியும் நகர்ந்ததை, பிறகு நிழலே தீர்ந்துபோனதை, கடைசியில் அவள் கைப்பையை மடியில் வைத்து ஈரத்தை மறைத்துக்கொண்டதை, எல்லாவற்றையும் நான் பார்த்தேன். நான்கு முறை எனக்குப் போன் செய்தாள். "வந்துக்கிட்டே இருக்கேன்க்கா. டிராஃபிக்." சீக்கிரம் போயிருந்தால் அடுத்த ரயிலுக்கு முயன்றிருப்பாள்.

நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லேன்னா நான் என்னடா பண்ணுவேன்." அவள் வாயாலேயே இது வரட்டும் என்றுதான் ஐயா காத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் இரங்கல் கடிதம் வந்தது. உங்கள் துறையிலிருந்து தவறாமல் எங்கள் வீடு வந்து சேர்ந்த ஒரே சேவை. அந்தப் பெண் தன் கையாலேயே எழுதியிருந்தாள். ஜன்னலோர இருக்கையைப் பற்றிக்கூட ஒரு வரி. அக்கா இரண்டு முறை படித்தாள்.

"எத்தன தடவடா செத்தேன்?"

"மூணு" என்றேன். அக்காவிடம் நான் பொய் சொல்வதில்லை.

அந்தப் பெண்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறையும் ரத்து செய்தது நான்தான். கடிதம் வந்த அன்றே அக்கா உதவி மையத்தைக் கூப்பிட்டு, நாற்பது நிமிஷம் அந்த இசையைக் கேட்டு, தானே பதிவு செய்தாள். சாய்தளம் சொன்ன நேரத்துக்கு வந்ததாம். எந்த ஊருக்குப் போனாள் என்று உங்கள் ஆட்கள் சொல்ல மறுக்கிறார்கள். திரும்பி வரும்போது அவள் சிரமப்படக் கூடாதே என்று தினமும் காலையில் கூப்பிட்டுச் சாய்தளம் கேட்கிறேன். இப்போது பதிவுக்கும் பயணியே பேச வேண்டுமாம்.

பேசுவாள். அக்காவுக்குப் பொறுமை கிடையாது, ஐயா. இன்றோ நாளையோ என்னைக் கூப்பிட்டுவிடுவாள். ஏழு வாரம்தானே ஆகிறது.